இரண்டாம் பாகத்தின் பக்கம் நின்றவள்

2008-ஆம் வருஷம் ஆடி மாதம் திருப்பூரில் பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இருக்காது. பதினொன்றரைக்குப் போனால் ஒன்றரைக்குத்தான் வரும். வேலுமணி சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அது கட்டிங் செக்‌ஷனுக்கும் ஆபீசுக்கும்தான் காணும். மாடியில் ஓடிக்கொண்டிருக்கும் அறுபது தையல் மிஷின்களும் ஒரே நொடியில் நின்றுபோகும். சிலர் துணிக்கட்டுகளின் மேல் சாய்ந்து கண்ணயர்வார்கள். சிலர் மொட்டை மாடிக்குப் போவார்கள். ஜன்னலோரம் இருந்த செக்கிங் மேஜையைச் சுற்றி மட்டும் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அங்கே நடப்பது சினிமாப் பேச்சு, அதிலும் ஒரே படத்தைப் பற்றிய பேச்சு.

படத்தின் பெயர் ‘வியாழன் வாசல்’. தமிழில் டப் செய்த இங்கிலீஷ் படம். எட்டுப் பேர் விண்கலத்தில் வியாழன் கிரகத்துக்குப் போகிறார்கள். வழியில் கலத்தின் கதவு பழுதாகி உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறுகிறது. அந்தக் கதவை வெளியே இருந்துதான் அடைக்க முடியும். கேப்டன் போய் அடைக்கிறான். அடைத்த வேகத்தில் அவனைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, இருட்டுக்குள் தனியாக மிதந்து போகிறான். மற்ற ஏழு பேரும் பத்திரமாக ஊர் திரும்புகிறார்கள். முதல் பாகம் அவ்வளவுதான். நான்கு வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அதில், அந்தக் கலத்தில் இஞ்சினியராக இருந்த பெண், கேப்டன் செத்ததை ஒப்புக்கொள்ளாமல், மேலதிகாரிகள் தடுத்தும் கேளாமல், பன்னிரண்டு வருஷம் கழித்துத் தேடிப் போகிறாள். பனி மூடிய ஒரு நிலவில் அவனை உயிரோடு கண்டுபிடிக்கிறாள். அவள் அவன் கையைப் பிடிப்பதோடு படம் முடிகிறது.

எந்தப் பாகம் பெரிது என்பதுதான் வழக்கு. முதல் பாகத்தின் பக்கம் ஓவர்லாக் டெய்லர் ராஜபாண்டி இருந்தான். சாத்தூர்ப் பக்கத்துக்காரன், முப்பத்தெட்டு வயது. முதல் பாகத்தை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தியேட்டரில் எட்டுத் தடவை பார்த்தவன். அவன் மனைவி சின்னத்தாயும் அதே கம்பெனியில், டெய்லர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப்பு வேலையில் இருந்தாள். அவளுக்குப் படம் பார்த்தால் தூக்கம் வரும். சூப்பர்வைசர் வேலுமணி பொங்கலூர்க்காரர். அவர் இரண்டாம் பாகத்தின் பக்கம். அவருக்குத் துணையாக நின்றவள் செக்கிங் செய்யும் ரோஸ்மேரி.

“அதெப்படிங்க ராஜபாண்டி, மொதப் பாகத்துல அந்தக் கலமே அட்டைப் பொட்டியாட்டந்தான் இருக்குதுங்க. ரெண்டுல பாருங்க, ஐஸு மேல எறங்கறப்ப ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் தனித்தனியாத் தெரியுதுங்க” என்பார் வேலுமணி. அவர் மெக்கானிக்காக இருந்து மேலே வந்தவர்.

“நட்டு தெரிஞ்சா போதுமாண்ணே? ஆகாசத்துல காத்தே கெடையாது. காத்து இல்லாத எடத்துல சத்தம் எப்பிடி வரும்? ரெண்டாம் பாகத்துல சும்மா டமார் டமார்னு வெடிக்குது. முதப் பாகத்துல கேப்டன் போறப்ப நாலு நிமிசம் ஒரு சத்தமும் இல்லாம உட்டான் பாருங்க, அதாண்ணே படம்.”

அந்த நான்கு நிமிடமும் தியேட்டரில் எல்லோரும் சவுண்ட் போய்விட்டது என்று நினைத்து விசிலடித்ததும், ஆபரேட்டர் பதறிப்போய் லைட்டைப் போட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இருந்தாலும் ராஜபாண்டி ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வான்.

ரோஸ்மேரி அதிகம் பேசமாட்டாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் கிராமம் அவளுக்கு. முப்பத்தைந்து வயது. ஜெசிந்தா என்று ஒரு மகள், ஆறாம் வகுப்பு படித்தாள். புருஷனைப் பற்றி யாராவது கேட்டால் “ஊருல இருக்காக” என்பதோடு சரி. பீஸைப் புரட்டிப் புரட்டி ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்திலோ என்னவோ, படத்தைப் பற்றியும் யாரும் கேட்காத கேள்வி ஒன்றை அவள் கேட்பாள்.

அன்றும் அப்படித்தான் கேட்டாள். “சத்தமெல்லாம் கெடக்கட்டும் அண்ணே. கேப்டன் செத்தத யாரு பாத்தா?”

“பாக்கணுமாக்கும்? கயிறு அந்து போயிருச்சே” என்றான் ராஜபாண்டி.

“கயிறு அந்ததத்தான் பாத்தாக. செத்தத யாரும் பாக்கலையே. பாக்காம எப்படி முடிஞ்சிச்சுன்னு சொல்லுதீக?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேலுமணி, “அம்மிணி கேக்கறது நாயந்தானுங்களே” என்றார். ராஜபாண்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்துக்காக வந்த கோபம்தானா என்பது அந்த நேரத்தில் அவனுக்கே தெரியவில்லை.

“செத்தவன செத்துட்டான்னு ஒத்துக்கிடாம தேடிக்கிட்டுத் திரியறது பாசமில்ல, கிறுக்குத்தனம். அந்தப் பொம்பளைக்கு ஊர்ல ஒரு மகன் இருக்கான். அவன உட்டுட்டுப் போறாளே, அவன் என்ன பாவம் செஞ்சான்? போனவன் போயிட்டான்னு முடிச்சாத்தான் இருக்கவன் பொழைக்க முடியும். இல்லன்னா அவளும் கெட்டு, கூட இருக்கிறதையும் கெடுப்பா.”

ரோஸ்மேரி கையில் வைத்திருந்த பனியனை மடித்துக் கட்டின் மேல் வைத்தாள். எழுந்து படியிறங்கிப் போனாள். மின்சாரம் வந்த பிறகுதான் திரும்பி வந்தாள். அதற்கு மறுநாள் கரண்ட் போன நேரத்தில் மேஜைப் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது சின்னத்தாய்தான் சொன்னாள். “நீ என்ன பேசுன அந்தப் பிள்ளைகிட்ட?”

“படத்தப் பத்திப் பேசுனேன்.”

“அதோட புருசன் கடலுக்குப் போனவரு. ஏழு வருசமாச்சு. படகும் வரல, ஆளும் வரல. மூணு பேரு போயிருக்காக. ரெண்டு பேரு பொணம் ஒதுங்கிருச்சு, இவரது ஒதுங்கல. மாமனார் வீட்டுல, கோயில்ல செத்தவுகளுக்கு வைக்கிற பூசைய வச்சு முடிச்சிருவோம்னு வருசா வருசம் கேக்காகளாம். இது ஒத்துக்கிட மாட்டேங்குது. அதுக்காகத்தான் ஊர உட்டுட்டு இங்க வந்து கெடக்கு.”

ராஜபாண்டி நடப்பதை நிறுத்திவிட்டான். “ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வருசமாத் தெரியும். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுச்சு.”

மறுநாள் அவன் சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மேரியைத் தேடிப் போனான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் எங்கே ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான்.

“எனக்கு ஒம்பது வயசுல எங்கய்யா வடக்க வேலைக்குப் போனாரு. ஒரு லெட்டரு வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வரல. நாங்க இருந்தது வாடகை வீடு. கூரை சரிஞ்சு போச்சு. வேற வீடு பாப்போம்னா எங்கம்மா வரமாட்டா. ஒங்கய்யா வந்தா இந்த வீட்டத்தான் தேடுவாருன்னு சொல்லுவா. நான் திருப்பூருக்கு வந்த பிறகு எத்தன தடவ கூப்பிட்டேன். வரல. ஒருநா காய்ச்சல்ல கெடந்திருக்கா. பக்கத்து வீடுகள்லாம் காலி. ரெண்டு நா கழிச்சுத்தான் செத்துக் கெடந்தத ஆளுக பாத்திருக்காக.” பிறகு அவள் பக்கம் திரும்பிச் சொன்னான். “அன்னைக்கு நான் பேசுனது ஒன்னையப் பத்தி இல்ல தங்கச்சி. எனக்கு ஒன் விசயம் தெரியாது.”

ரோஸ்மேரி தூக்குவாளியை மூடினாள். “தெரியாமப் பேசுனீகன்னு எனக்குத் தெரியும். ஆனா அம்மா செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன் அண்ணே.”

“நான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க. ஒங்களுக்குச் சொல்ல உரிமை இருக்கு.”

அதோடு பேச்சு நின்றது. ஆனாலும் இரண்டு நாளில் அவள் மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் ஊரைச் சேர்ந்த கன்னியாஸ்திரீ ஒருவர் கேரளாவில் இருந்தார். கோழிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகத்தில் தமிழ் பேசும் ஆள் ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தார். கடற்கரை ரோட்டில் கிடந்தவரைத் தூக்கி வந்தார்களாம். ஆறேழு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்; அதற்கு முன் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. தலையில் பழைய அடி. தன் விவரம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தோடு ஒரு போட்டோவின் ஜெராக்ஸ் இருந்தது. தாடி மூடிய முகம், கறுப்பாகப் பதிந்திருந்தது. அது யாராகவும் இருக்கலாம்.

ரோஸ்மேரி அதைச் சின்னத்தாயிடம் காட்டினாள். சின்னத்தாய் ராஜபாண்டியிடம் காட்டினாள். அவன் அதை நெடுநேரம் பார்த்தான்.

“அவரு இல்லன்னா என்ன செய்வ?” என்று ரோஸ்மேரியைக் கேட்டான்.

“திரும்பி வருவேன்.”

“தனியாப் போகாத. நாங்க வாறோம்.”

சுதந்திர தினத்தன்று கம்பெனி லீவு. ஜெசிந்தாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூவரும் விடிகாலை ரயிலில் ஏறினார்கள். பாலக்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரோஸ்மேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை இருந்தது. அதில் புதுச் சட்டை ஒன்றும் வேட்டி ஒன்றும் வைத்திருந்ததை அவள் பழம் எடுக்கும்போது ராஜபாண்டி பார்த்தான். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

காப்பகம் தென்னந்தோப்புக்குள் இருந்தது. கூடத்தில் இருபது முப்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த சிஸ்டர் கடைசியில் தனியாக இருந்த ஆளைக் காட்டினார். ரோஸ்மேரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள். அவள் புருஷன் சூசையின் இடது காலில் இரண்டு விரல்கள் ஒட்டிப் பிறந்தவை. இந்த ஆளின் கால்விரல்கள் தனித்தனியாக, மண்ணில் உழைத்த கால்களுக்கு உரியபடி அகன்று இருந்தன.

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சூசைக்கு நாற்பதுதான் ஆகியிருக்கும்.

“இது அவுக இல்ல” என்றாள்.

சின்னத்தாய் அவள் தோளைப் பிடித்தாள். ரோஸ்மேரி அழவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, அந்த மனிதருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ராஜபாண்டி “போகலாம் தங்கச்சி” என்றான். அவள் கேட்காததுபோல் அந்த மனிதரிடம், “ஒங்க ஊரு எது ஐயா?” என்றாள்.

அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவள் முன்னால் சாய்ந்து மறுபடி கேட்டாள். அவர் தெளிவாகச் சொன்னார்: “ஊட்டுக்குப் போகோணும்.”

“எப்பவும் இதே சொல்லுதான்” என்றார் சிஸ்டர் சலிப்போடு, மலையாளம் கலந்த தமிழில். “நாங்க கேட்டும் கேட்டும் மடுத்தாச்சு.”

ரோஸ்மேரி ராஜபாண்டியைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். கடலோரத்திலோ சாத்தூரிலோ வீட்டை ‘ஊடு’ என்று சொல்பவர்கள் யாரும் இல்லை. தினமும் காதில் விழும் வேலுமணியின் கொங்குப் பேச்சு இது.

“சிஸ்டர், இவரு பேரு என்னன்னு எழுதி வச்சிருக்கீக?” என்று கேட்டான் ராஜபாண்டி.

பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். ‘தாராவரன்’ என்று எழுதியிருந்தது. முதலில் பேர் கேட்டபோது அவர் சொன்னது அதுதானாம்.

“இது பேரு இல்ல சிஸ்டர்” என்றான் ராஜபாண்டி. “தாராவரம். தாராபுரத்த, எங்க கம்பெனிக்கு வேலைக்கு வாற அந்தப் பக்கத்து ஆளுக அப்படித்தான் சொல்லுவாக. அது ஊரு.”

ஊர்ப் பேரைக் கேட்டதும் அந்த மனிதர் தலையைத் தூக்கினார். “தாராவரம்” என்று அவரும் சொன்னார். ரோஸ்மேரி மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன பயிர் வைப்பீர்கள், பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்று. ஒரு மணி நேரத்தில் அவளுக்கு இன்னும் இரண்டு சொற்கள் கிடைத்தன. ஒன்று வெங்காயம். இன்னொன்று பூவாத்தா.

கிளம்பும்போது பையிலிருந்த சட்டையையும் வேட்டியையும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வேலுமணியிடம் சொன்னார்கள். தாராபுரத்தில் அவருடைய சித்தப்பா மகன் வெங்காய மண்டியில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டார். “ஏழெட்டு வருசம், இல்லாட்டி அதுக்கும் மிந்தி, கேரளாவுக்கு வெங்காய லோடு போன ஆளு, திரும்பி வராதவரு யாராச்சும் உண்டான்னு விசாரி” என்றார். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. 1997-இல் மலைப்பாதையில் ஒரு லாரி உருண்டது. டிரைவர் உடல் கிடைத்தது. கூடப் போன நாச்சிமுத்து என்ற விவசாயி கிடைக்கவே இல்லை. கீழே ஓடிய ஆறு கொண்டுபோயிருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர் சம்சாரத்தின் பெயர் பூவாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலுமணி ராஜபாண்டியையும் ரோஸ்மேரியையும் கூட்டிக்கொண்டு போனார். அமராவதி ஆற்றுக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருந்தது அந்த வீடு. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் பந்தலுக்கு மூங்கில்கள் அடுக்கிக் கிடந்தன. கல்யாண வீடு என்று தெரிந்ததும் வேலுமணியின் நடை தளர்ந்தது.

பூவாத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி திருமூர்த்தி நின்றார். வேலுமணி விவரத்தைச் சொல்லி முடித்ததும் அவள் ஜெராக்ஸ் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“இவரு தாடி வெக்கமாட்டாருங்க” என்றாள். பிறகு, “என்ற பேரச் சொன்னாருங்களா?” என்று கேட்டாள்.

“சொன்னாகம்மா” என்றாள் ரோஸ்மேரி.

பூவாத்தாள் அவளை அப்போதுதான் கவனித்தாள். “பதனொரு வருசமாச்சுங்க. கருமாதி பண்ணிப்போட்டம். எட்டு வயசுப் புள்ளைய வெச்சுட்டு ஒத்தையா நின்னேன். இப்ப அதுக்குக் கலியாணம். காலஞ்சென்ற நாச்சிமுத்துன்னு பத்திரிகை அடிச்சு, பாதி ஊருக்குக் குடுத்தும் போட்டம். இப்ப வந்து சொல்றீங்களே.” குரல் உயரவே இல்லை. “நீங்க எதுக்குங்க அங்க போனீங்க?”

“என் வீட்டுக்காரரத் தேடிப் போனேன். கடலுக்குப் போனவுக.”

“கெடச்சாருங்களா?”

“இல்லம்மா. ஒங்க வீட்டுக்காரருதான் கெடச்சாக.”

பூவாத்தாள் எழுந்து வந்து ரோஸ்மேரியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

திருமூர்த்தி தயங்கித் தயங்கிப் பேசினார். “அக்கா, கலியாணத்துக்கு இருவது நாள்தான் இருக்குது. மாப்பிள்ளை ஊட்டுல என்ன நெனப்பாங்களோ தெரியாது. இத்தன வருசம் இருந்தவரு, இன்னும் இருவது நாள் அங்கயே இருக்கட்டும். கலியாணம் முடிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அங்கே யாருக்கும் படவில்லை. வேலுமணிகூடத் தலையை ஆட்டினார்.

“அவரு ஊட்டுக்குப் போகோணும்னு கேட்டுட்டு இருக்காராமாடா” என்றாள் பூவாத்தாள். “எனக்குத் தெரியாம இருந்த வரைக்கும் வேற. இப்பக் காதுல உளுந்து போச்சு. உளுந்ததுக்கு அப்புறம் நான் எப்படிப் பந்தல்ல நிக்கறது?”

புதன்கிழமை அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் நாச்சிமுத்துவை அழைத்து வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். பத்திரிகைகளில் கொடுக்காமல் மீதியிருந்தவற்றில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்தார்கள். அப்படி அடித்த பத்திரிகை ஒன்று ரோஸ்மேரிக்கும் வந்தது. அவளும் ராஜபாண்டியும் சின்னத்தாயும் கல்யாணத்துக்குப் போனார்கள். நாச்சிமுத்து முகம் மழித்துப் புதுச் சட்டையோடு மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடிக்கடி எழுந்து தோட்டத்துப் பக்கம் போகப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பூவாத்தாள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கழுத்தில் மறுபடியும் தாலி இருந்தது.

கல்யாணப் பெண் தரணி ரோஸ்மேரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். “அப்பன் வேணும்னு நான் எத்தனையோ நாள் அழுதிருக்கறனுங்க. ஆனா இவரு என்னையப் பாத்துப் பூவாத்தான்னு கூப்பிடறாருங்க. நான் யாருன்னே அவருக்குத் தெரியல. எனக்கும் அவரு யாருன்னு தெரியலீங்க.” அவள் கண்ணிலிருந்து மை கரைந்து வழிந்தது. ரோஸ்மேரி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் கரண்ட் போனபோது மேஜையைச் சுற்றி மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது. வேலுமணிதான் ஆரம்பித்தார். “இப்பச் சொல்லுங்க ராஜபாண்டி. ரெண்டாம் பாகந்தானுங்களே பெருசு?”

ராஜபாண்டி பதில் சொல்வதற்கு முன் ரோஸ்மேரி பேசினாள். “ரெண்டாம் பாகத்துல ஒரு கொறை இருக்கு.”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கையப் புடிச்சதோட முடிச்சிட்டான். அதுக்குப் பெறகுதான் கதை இருக்கு. அவுகளுக்கு யாரையும் அடையாளம் தெரியுமா, ஊருல இருக்கவங்க என்ன செஞ்சாக, அந்த மகன் வந்து பேசுனானா, ஒண்ணும் காட்டல. கண்டுபுடிக்கிறதுதான் பெரிய வேலைன்னு நெனச்சு எடுத்திருக்கான். அது சின்ன வேலை.”

“அப்ப மொதப் பாகந்தான் பெருசுன்னு ஒத்துக்கறீங்களா அம்மிணி?”

“ஒத்துக்கல. தேடிப் போனது சரிதான். மிச்சத்தையும் எடுத்திருக்கணும்னு சொல்லுதேன்.”

ராஜபாண்டி கொஞ்சம் யோசித்தான். “நான் இன்னும் முதப் பாகந்தான்” என்றான். “ஆனா அந்த இஞ்சினியர் பொம்பளையக் கிறுக்கின்னு சொன்னது தப்பு. அத வாபஸ் வாங்கிக்கிறேன்.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. கரண்ட் வந்ததும் எல்லோரும் மிஷின்களுக்குத் திரும்பினார்கள்.

தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும். கம்பெனிகள் ஒரு வாரம் பத்து நாள் மூடிவிடும். லீவு விடுவதற்கு முன்னால் ரோஸ்மேரி சின்னத்தாயிடம் வந்தாள். “மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். இந்தத் தடவ கல்லறைத் திருநாளுக்குப் பூசை வச்சிருவோம்னு. நீங்க ரெண்டு பேரும் வந்தா எனக்கு நல்லா இருக்கும்.”

சின்னத்தாய்க்கு உடனே புரியவில்லை. “ஏன் மனசு மாறிச்சு?”

“பூவாத்தா அம்மா எல்லாத்தையும் முடிச்சிருந்தாக. தாலியக் கழத்தி, திதி குடுத்து, பதினொரு வருசம். ஆனா சேதி வந்த அன்னைக்கு எந்திரிச்சுப் போனாகளா இல்லையா? பூசை வச்சா என் வீட்டுக்காரரக் கைவிட்டுட்டேன்னு ஆகும்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அப்படி ஒண்ணும் இல்ல போல.” கொஞ்சம் நிறுத்தி, “ஜெசிந்தா பள்ளிக்கூடத்துல அப்பா எங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்னு எங்கிட்டக் கேக்குதா. அவளுக்கு ஒரு பதில் வேணும்லா” என்றாள்.

நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கடலோரக் கோயிலில் காலைப் பூசைக்கு ஊரே வந்திருந்தது. கல்லறைத் திருநாளில் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் வாசிப்பார். இந்தத் தடவை ஏழு வருஷத்துக்கு முன்னால் போன ஒருவரின் பெயரும் இருந்தது. அந்தப் பெயரை நானே சொல்கிறேன் என்று ரோஸ்மேரி முதல் நாளே சாமியாரிடம் கேட்டு வைத்திருந்தாள். ராஜபாண்டிக்கு எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியவில்லை. முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தான்.

முறை வந்ததும் ரோஸ்மேரி மகளின் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். மைக்குக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு புருஷனின் முழுப் பெயரையும் அவன் அப்பாவின் பெயரையும் சொன்னாள். கடலுக்குப் போன தேதியைச் சொன்னாள். ஊரார் எல்லோரும் ஒரே குரலில் அவனுக்காக வேண்டினார்கள். அவளுடைய மாமனார் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஜெசிந்தா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் உறவுக்காரப் பெண்கள் ரோஸ்மேரியைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். ஏழு வருஷத்தில் அந்த ஊரில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. ராஜபாண்டியும் சின்னத்தாயும் மரத்தடியில் காத்து நின்றார்கள். வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் வந்து, வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் போகலாம் என்றாள்.